மிஸ், டீச்சர், மேம், அக்கா: சொல்லிக்கொடுக்கப் பிடித்தவர்கள் எந்தப் பக்கம் போவது?

சித்தி மகள் எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டாள். போன மாதம் திண்டுக்கல்லுக்கு வந்திருந்தபோது, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் மெதுவாக விஷயத்துக்கு வந்தாள். "அக்கா, கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனியில வேலை வந்திருக்கு. ஆனா எனக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் பிடிக்கும். என்ன பண்றது?"

சித்தி "கவர்ன்மென்ட் டீச்சர் ஆயிடு" என்கிறார். சித்தப்பா "முதல்ல கம்பெனிக்குப் போ, மத்ததெல்லாம் அப்புறம்" என்கிறார். இரண்டுமே தப்பான பேச்சு இல்லை. ஆனால் இரண்டு பேருமே அவளுக்கு எது பிடிக்கிறது என்பதை ஒரு நிமிடத்துக்குமேல் விசாரிக்கவில்லை.

நான் ஐந்து வருடம் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு எடுத்தேன். ஒன்பது வருடமாக வீட்டு மொட்டை மாடியில் டியூஷன். என் நாத்தனார் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு பட்டதாரி ஆசிரியர். கூடப் படித்தவள் ஒருத்தி அரசுக் கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். ஆக நான்கு வழிகளையும் கொஞ்சம் பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறேன். நான்கிலும் கூப்பிடும் பெயர்கூட வேறு வேறு. தனியார் பள்ளியில் 'மிஸ்', அரசுப் பள்ளியில் 'டீச்சர்', கல்லூரியில் 'மேம்', மொட்டை மாடியில் 'அக்கா'.

ஒப்பிடுவதற்கு முன்னால் அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன். "உனக்குக் கணக்கு பிடிக்குமா, இல்லை ஒரு பிள்ளைக்குக் கணக்கு புரியறது பிடிக்குமா?" முழித்தாள். "ரெண்டும் ஒண்ணுதானே?" என்றாள். எனக்கும் ரொம்ப நாள் அது ஒன்றாகத்தான் தெரிந்தது.

எது எனக்குப் பிடிக்கிறது என்று நான் கண்டுபிடித்தது பள்ளி வேலையை விட்டு இரண்டாவது வருடம். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி நோட்டில் இப்படி எழுதியிருந்தாள்: −3 − 5 = +8. கணக்கு எடுத்தவர்களுக்கு இந்தத் தப்பு நன்றாகத் தெரியும். "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்று எங்கேயோ மனப்பாடமாகிவிடுகிறது. அது பெருக்கலுக்கான விதி என்பது மட்டும் மறந்துபோய், வாய்ப்பாடு மாதிரி எல்லா இடத்திலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வழக்கமாக என்ன செய்வோம்? சிவப்புப் பேனாவில் அடித்து, −8 என்று எழுதி, "சைனைப் பார்த்துப் போடு" என்று சொல்லிவிட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விடுவோம்.

அன்று மழை. மற்ற பிள்ளைகள் வரவில்லை. நேரம் இருந்தது. "அண்ணாச்சி கடையில 3 ரூபாய் பாக்கி. இன்னைக்கு இன்னும் 5 ரூபாய்க்குக் கடன் சொல்லி மிட்டாய் வாங்குற. இப்ப உன் கையில 8 ரூபாய் இருக்கா?" என்று கேட்டேன். சிரித்தாள். "இல்லக்கா, 8 ரூபாய் தரணும்." சரி, −8. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அவள் விடவில்லை. பென்சிலைக் கடித்துக்கொண்டே, "அப்ப எப்பத்தான் அக்கா பிளஸ் ஆகும்?" என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இருபது நிமிடம் ஆனது. பாக்கிச் சீட்டுகளைக் காகிதத்தில் கிழித்து, அண்ணாச்சி இரண்டு சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டால் உனக்கு என்ன ஆகும் என்று கேட்டு, கடனை எடுத்துவிடுவது கையில் காசு வருவதற்குச் சமம் என்று அவளே வந்து சேர்ந்தாள். கிழித்த காகிதமெல்லாம் பாயில் கிடந்தது. முதல் கேள்வியிலிருந்து கணக்கு வைத்தால் மொத்தம் 25 நிமிடம். ஐந்து வருடப் பள்ளி வேலையில் இப்படி ஒரு 25 நிமிடம் எனக்கு எத்தனை முறை கிடைத்தது என்று அன்று இரவு யோசித்துப் பார்த்தேன். விரல் விட்டு எண்ணினால்கூட ஒரு கை போதும்.

அதனால் எந்த வேலையை எடைபோட்டாலும் இப்போது எனக்கு அதுதான் படிக்கல். சம்பளம், பென்ஷன், மரியாதை எல்லாம் வேண்டும்தான். ஆனால் ஒரு சாதாரண வாரத்தில் அந்த 25 நிமிடம் எத்தனை தடவை வருகிறது? வேலையின் பெயரில் 'ஆசிரியர்' என்று இருப்பதால் மட்டும் அது வந்துவிடாது.

முதலில் 'மிஸ்'. உள்ளே நுழைவது இதில்தான் சுலபம். ஏப்ரல், மே மாதங்களில் எந்த ஊரிலும் மின்கம்பத்தில் 'ஆசிரியர்கள் தேவை' ஒட்டியிருக்கும். எனக்கு பி.எட். முடித்த கையோடு வேலை கிடைத்தது. வாரத்துக்கு 36 பீரியட், ஒவ்வொன்றும் 40 நிமிடம். ஆறு முதல் எட்டு வரை நான்கு செக்‌ஷன், செக்‌ஷனுக்கு 42 பிள்ளைகள். கிளாஸ்வொர்க் நோட்டு, ஹோம்வொர்க் நோட்டு என்று ஆளுக்கு இரண்டு. 336 நோட்டுகள். மிச்சமிருந்த பீரியடில் திருத்தினேன், மதியச் சாப்பாட்டில் திருத்தினேன், பஸ்ஸில் மடியில் வைத்துத் திருத்தினேன்.

வகுப்பில் நிற்கும் நேரம் நான்கு வழிகளில் இங்குதான் மிக அதிகம். ஆனால் 40 நிமிடத்தில் வருகைப் பதிவுக்கும் வீட்டுப்பாடம் பார்ப்பதற்கும் பத்து நிமிடம் போய்விடும். மிச்சம் 30 நிமிடத்தில் போர்ஷன் ஓட வேண்டும். ஏனென்றால் நான்கு செக்‌ஷனும் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும் என்று பிரின்சிபால் எதிர்பார்ப்பார். அங்கே ஒரு பிள்ளை "எப்ப பிளஸ் ஆகும்?" என்று கேட்டிருந்தால், "ஃப்ரீ பீரியடில் வா" என்று சொல்லியிருப்பேன். அந்த ஃப்ரீ பீரியடில் நான் நோட்டு திருத்திக்கொண்டிருப்பேன்.

மே மாதம் விடுமுறை என்பார்கள். நாங்கள் நோட்டீஸை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அட்மிஷன் கேட்கப் போனோம். சேரும்போது ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டார்கள். விலகும்போது அதைத் திரும்ப வாங்க நான்கு மாதம் நடந்தேன். எல்லாப் பள்ளியும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் சேருவதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதது என் அசட்டுத்தனம். நகலைக் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. தனியார் பள்ளி ஆசிரியருக்கும் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி உண்டு. 2009-ல் வந்த சட்டத் திருத்தம் 1997 ஏப்ரல் 3-லிருந்தே செல்லும் என்று சொன்னது. பள்ளிகள் அதை எதிர்த்துப் போன வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் திருத்தம் சரிதான் என்று தீர்ப்பளித்தது. ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தவர்கள் எத்தனையோ பேர். அதில் நானும் ஒருத்தி, தெரியாமல் விட்டேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்லவேண்டும்: ஒரு வகுப்பை எப்படி உட்காரவைப்பது, சத்தம் போடாமல் எப்படிச் சத்தத்தை நிறுத்துவது, பின் பெஞ்சில் என்ன நடக்கிறது என்பதை முதுகால் பார்ப்பது எப்படி, இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ஐந்து வருடம்தான். முதல் வருடத்திலேயே முக்கால்வாசி கற்றுக்கொண்டேன். மிச்சம் நான்கு வருடம் ஏன் இருந்தேன் என்று கேட்டால் சரியான பதில் இல்லை.

'டீச்சர்' வழி நீளமானது. வாசலில் நிற்கிற நேரமே அதில் பாதி. ஆறு முதல் பத்து வரை எடுக்கும் பட்டதாரி ஆசிரியர் ஆக பட்டமும் இரண்டு வருட பி.எட்.டும் வேண்டும், ஆசிரியர் தகுதித் தேர்வின், அதாவது டெட்டின், இரண்டாம் தாளில் தேற வேண்டும். 150 மதிப்பெண்ணுக்குப் பொதுப் பிரிவில் 90 எடுக்க வேண்டும். சரி, தேறிவிட்டால் வேலையா? இல்லை. 2018-ல் வந்த அரசாணைக்குப் பிறகு, டெட் தேறியவர்கள் அப்புறம் தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். டெட் தேர்வும் ஆண்டு தவறாமல் வருவதில்லை. 2013-க்குப் பிறகு 2017, 2019, 2022, 2025 என்றுதான் அறிவிப்புகள் வந்தன. ஒரே ஆறுதல், ஒருமுறை தேறினால் சான்றிதழ் வாழ்நாள் முழுக்கச் செல்லும். முன்பு ஏழு வருடம்தான், 2021-ல் மாற்றினார்கள்.

எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் இருந்தால் முதுகலை ஆசிரியர் தேர்வு என்று இன்னொரு கதவு உண்டு. அது பதினொன்று, பன்னிரண்டுக்கு. டெட் தேவையில்லை. பாடத்துக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10 என்று 150 மதிப்பெண். அதோடு தமிழ்த் தகுதித் தாளில் 50-க்கு 20 எடுத்தால்தான் மற்ற தாளையே திருத்துவார்கள். 2025 அக்டோபரில் நடந்த தேர்வு 1,996 இடங்களுக்கானது, எல்லாப் பாடமும் சேர்த்து. சித்தி மகள் மாதிரி பாடத்தில் கெட்டியாக இருப்பவர்களுக்கு டெட்டைவிட இதுவே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. டெட் இரண்டாம் தாளில் கணக்குக்கும் அறிவியலுக்கும் சேர்த்தே 60 மதிப்பெண்தான். மற்ற 90 உளவியல், தமிழ், ஆங்கிலம். கணக்கு ஒன்றில் மட்டும் புலியாக இருப்பவர்கள் அங்கே தடுமாறிப் பார்த்திருக்கிறேன்.

நாத்தனார் 2013 டெட்டில் தேறி 2014-ல் பணியில் சேர்ந்தார். முதல் நியமனம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஏழு வருடம் அங்கே தனியாக வீடெடுத்து இருந்தார். பொது மாறுதல் கலந்தாய்வில் நத்தம் பக்கம் வந்தது 2021-ல்தான். தென்மாவட்டக்காரர்களுக்கு வடமாவட்டத்தில்தான் முதல் காலியிடம் கிடைக்கும் என்பது ஆசிரியர் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த கதை. சித்தி "கவர்ன்மென்ட் டீச்சர் ஆயிடு" என்று சொல்லும்போது இந்த ஏழு வருடத்தைச் சேர்த்துச் சொல்வதில்லை.

பட்டதாரி ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,400, முதுகலை ஆசிரியருக்கு 36,900. அதன்மேல் அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும். நான்கு வழிகளில் இதைத் தாண்டுவது கல்லூரியில் நிரந்தரப் பணி மட்டும்தான்.

அப்புறம் அந்த 25 நிமிடம்? நாத்தனாரிடம் ஒரு வாரம் குறித்துவைக்கச் சொன்னேன். "எந்த வாரம் வேணும்? நல்ல வாரமா, கெட்ட வாரமா?" என்று கேட்டார். நல்ல வாரத்தில் ஐந்து முறை வந்தது. அவர் பள்ளியில் வகுப்புக்கு 28 பேர்தான். போர்ஷன் நெருக்கினாலும் யாரும் பின்னால் நின்று கடிகாரம் பார்ப்பதில்லை. கெட்ட வாரத்தில் ஒன்றுகூட இல்லை. எமிஸ் என்ற பள்ளிக்கல்வித் துறைத் தகவல் இணையதளத்தில் பதிவேற்றம், உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு விவரம், பயிற்சி, விடைத்தாள் திருத்தும் முகாம், பாடம் நடத்தவேண்டிய நேரத்தில் வரும் வாட்ஸ்அப் செய்தி: 'மிக அவசரம், இன்று மாலை 4 மணிக்குள்'.

கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு எந்தப் பணிக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மூன்றுமே பெரிய வேலைகள். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது ஆசிரியர்கள் பலர் வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாகப் படிவத்தோடு வீடு வீடாக அலைந்தார்கள்.

இருந்தாலும் நாத்தனார் ஒன்று சொன்னார், அது என்னைக் குத்தியது. "உன்கிட்ட வர்ற பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட ஆள் இருக்கு. என் பிள்ளைங்களுக்கு நான் மட்டும்தான்." அவர் வகுப்பில் எட்டாம் வகுப்பு வந்தும் கழித்தலில் கடன் வாங்கத் தெரியாத பையன்கள் இருக்கிறார்கள். அவர்கள் என் மாடிப்படி ஏறப்போவதில்லை.

இதோடு சேர்த்து ஒரு சட்ட விஷயம். அதே சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. பகலில் டீச்சர், மாலையில் அக்கா என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று சித்தி மகள் கணக்குப் போட்டிருந்தாள். அது நடக்காது.

'மேம்' பற்றி எனக்கு நேரடி அனுபவம் இல்லை, தோழியின் வாழ்க்கைதான் ஆதாரம். உதவிப் பேராசிரியர் ஆக முதுகலையில் 55 சதவீதம், அதோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி, அல்லது பிஎச்.டி. வேண்டும். கணிதத்துக்கு நெட் என்றால் சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழுமம்), யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) இரண்டுக்குமான கூட்டுத் தேர்வு; மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையோடு தேறினால் மாதம் 37,000 வாங்கிக்கொண்டு ஆராய்ச்சி செய்யலாம். இருபத்திரண்டு வயதுக்கு இது நல்ல தொகை, அதுவும் பிடித்த கணக்கைப் போட்டுக்கொண்டே.

நிரந்தர உதவிப் பேராசிரியருக்குத் தொடக்க அடிப்படை 57,700. யு.ஜி.சி. விதிப்படி வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு. நான் 36 பீரியட் எடுத்ததை நினைத்தால் இது சொர்க்கம் மாதிரித் தெரிகிறது. ஆனால் அந்த நிரந்தரம் எப்போது? 2024-ல் தமிழ்நாடு அரசுக் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்கள் அறிவிக்கப்பட்டன. ஆகஸ்ட்டில் நடக்கவேண்டிய தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. இடையில் இருப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். 'கௌரவம்' என்ற சொல்லை இங்கே யார் வைத்தார்களோ. மாதம் 25,000, அதுவும் 11 மாதத்துக்கு. யு.ஜி.சி. 2019-லேயே மாதம் 50,000 வரை தரலாம் என்று சொல்லியிருக்கிறது. தோழிக்கு பிஎச்.டி. உண்டு, பத்து வருட அனுபவம் உண்டு. மே மாதம் என்றால் மட்டும் அவள் போன் குரல் மாறிவிடும்.

அவளிடம் 25 நிமிடக் கதையைச் சொன்னேன். "எனக்கு அது வேண்டாம்டி" என்று பட்டென்று சொன்னாள். "எனக்கு ஒரு தேற்றத்தை போர்டு முழுக்க எழுதி, கடைசி வரியில வந்து நிக்கும்போது ஒரு சந்தோஷம் வரும் பாரு. அறுபது பேர்ல மூணு பேருக்கு அது புரியும். அந்த மூணு பேர் முகம் போதும்." அவள் சொன்ன பிறகுதான் சித்தி மகளிடம் கேட்ட கேள்வி எனக்கே தெளிவானது. இவளுக்குப் பிடித்தது கணக்கு. எனக்குப் பிடித்தது பென்சில் கடிக்கும் அந்தப் பெண். இரண்டு பேரையும் வெளியில் இருப்பவர்கள் 'டீச்சிங் லைன்' என்று ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறார்கள்.

கடைசியாக 'அக்கா'. என் வழி. அதனால் இதைப் புகழ்ந்துவிடுவேனோ என்று எனக்கே பயம். கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆறு முதல் எட்டு வரை 22 பேர், ஆளுக்கு மாதம் 600. பத்தாம் வகுப்பு 14 பேர், ஆளுக்கு 1,000. மொத்தம் 27,200. இதில் எப்போதும் மூன்று நான்கு பேர் பாக்கி. இரண்டு பேருக்கு நானே வாங்குவதில்லை. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை வரவு கிட்டத்தட்ட பூஜ்யம். பி.எஃப்., இ.எஸ்.ஐ., பென்ஷன் என்று எதுவும் இல்லை. மாதம் 3,000 ஆர்.டி. போடுகிறேன், அதுதான் என் பென்ஷன். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிய வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அந்தக் கவலை எனக்கு இந்த ஜன்மத்தில் இல்லை.

வேலை நேரம் மாலை 5 முதல் 8.30. அதாவது என் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து என்னைத் தேடும் நேரம், அடுப்பில் ராத்திரிச் சாப்பாடு ஏற வேண்டிய நேரம். மாமியார் தோசை வார்க்கிறார், அதனால் என் தொழில் நடக்கிறது. அவர் ஊருக்குப் போனால் மாடியில் பகாக்காரணி நடக்கும்போது கீழே குக்கர் விசில் எண்ணிக்கொண்டிருப்பேன். தனியாக இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. பத்து வருடம் கழித்துத் தெரியும்.

இன்னொரு குறையும் உண்டு. டியூஷனுக்குப் பணம் கட்டுபவர் அப்பா. அவர் வாங்குவது மார்க். "புரியுதா" என்று எந்த அப்பாவும் என்னிடம் கேட்டதில்லை, "எத்தனை வரும்" என்றுதான் கேட்பார்கள். பத்தாம் வகுப்பு பேட்ச்சில் ஜனவரிக்கு மேல் நானும் பழைய கேள்வித்தாள் எந்திரமாகிவிடுகிறேன். 25 நிமிடம் வருவது சின்ன வகுப்புகளில்தான், அங்கே அனேகமாக தினமும். அதற்காகவே பத்தாம் வகுப்பில் 14 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. அந்த இடத்தில் இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தால் மாதம் 10,000 கூடும். ஒவ்வொரு ஜூனிலும் அந்தப் பத்தாயிரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு விட்டுவிடுகிறேன். சில ஜூனில் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பெரிய கோச்சிங் சென்டர், ஆன்லைன் நிறுவனம் எல்லாம் என்னாச்சு என்று கேட்கலாம். நீட், ஜே.இ.இ. மையங்களில் நல்ல சம்பளம் உண்டு, ஆனால் அது ஓட்டப்பந்தயம். அங்கே நின்று கேள்வி கேட்கும் பிள்ளை மற்றவர்களைத் தாமதப்படுத்தும் பிள்ளை. ஆன்லைனில் பைஜூஸ் நிறுவனத்தின் மதிப்பு 2022-ல் 2,200 கோடி டாலர் என்றார்கள், 2024 ஜூலையில் அதன்மேல் திவால் நடவடிக்கை தொடங்கியது. அதைப் பார்த்த பிறகு அந்தப் பக்கம் யாரையும் ஒரேயடியாகப் போகச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

சித்தப்பா சொல்லும் கம்பெனியையும் நான் ஒதுக்கவில்லை. இரண்டு வருடம் சம்பளம் வாங்கி, பி.எட்.டுக்கும் தேர்வுக் காலத்துக்கும் பணம் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கம்பெனி வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படித்து டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு) தேறுகிறேன் என்று கிளம்பியவர்களில் எனக்குத் தெரிந்து இரண்டு பேர்தான் கரை சேர்ந்தார்கள். இரவு எட்டு மணிக்கு அறைக்கு வந்து புத்தகத்தைத் திறப்பது சொல்வதுபோல் இல்லை.

அவளுக்கு நான் சொன்னது இது. வேலையை முடிவு செய்வதற்கு முன்னால் கொஞ்சநாள் பிள்ளைகள் முன் நின்று பார். 2021-ல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய்க்குத் தெருத்தெருவாகத் தன்னார்வலர்கள் மாலையில் பாடம் எடுத்தார்களே, அதில் எங்கள் தெருவில் மூன்று பெண்கள் சேர்ந்தார்கள். ஆறு மாதத்தில் ஒருத்தி பி.எட். சேர்ந்தாள், ஒருத்தி "இது நமக்கு ஆகாது சாமி" என்று வங்கித் தேர்வுக்குப் போனாள், இன்னொருத்திக்குக் கல்யாணமாகிவிட்டது. அந்த இரண்டாமவளுக்கு நான் நிறைய மதிப்பு கொடுக்கிறேன். இரண்டு வருட பி.எட். கட்டணம் கட்டிய பிறகு தெரியவேண்டியது அவளுக்கு மாதம் 1,000 வாங்கிக்கொண்டே தெரிந்துவிட்டது.

பிள்ளைதான் பிடிக்கிறது என்று தெரிந்தால், பி.எட். சேர்ந்துவிடு. சேர்ந்திருக்கும்போதே வீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொள். முதுகலை ஆசிரியர் தேர்வையும் டெட்டையும் இரண்டையும் எழுது. தனியார் பள்ளியில் ஒரே ஒரு வருடம் இரு, நோட்டு திருத்துவதற்கு இல்லை, வகுப்பைக் கட்டக் கற்றுக்கொள்ள. கணக்குதான் பிடிக்கிறது என்று தெரிந்தால், இதில் எதையும் செய்யாதே. நேராக சி.எஸ்.ஐ.ஆர். நெட்டுக்கு உட்கார். இப்போது பாடம் சூடாக இருக்கிறது, இரண்டு வருடம் கழித்து இருக்காது. உதவித்தொகை வந்தால் தமிழ்நாட்டுக்கு வெளியிலும் போ. வராவிட்டால் கௌரவ விரிவுரையாளராக எத்தனை வருடம் காத்திருப்பாய் என்று ஒரு எண்ணை இப்போதே எழுதி சித்தியிடம் கொடுத்துவை. என் தோழி அந்த எண்ணை எழுதவில்லை.

போன சனிக்கிழமை அவளை வரச்சொல்லி ஏழாம் வகுப்பு பேட்ச்சைக் கொடுத்தேன். பாடம் முழுக்கள், அதே மைனஸ் சமாசாரம். நான் படிக்கட்டு ஓரத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் எடுத்தாள். பலகையில் எண்கோடு வரைந்த அழகு, நான் இத்தனை வருடத்தில் அப்படி வரைந்ததில்லை. கடன், பாக்கி எதுவும் இல்லாமல், எதிரெண் என்பது என்ன, பங்கீட்டுப் பண்பிலிருந்து மைனஸும் மைனஸும் ஏன் பிளஸ் ஆகியே தீரவேண்டும் என்று நான்கு வரியில் நிறுவிக் காட்டினாள். எனக்கே புல்லரித்தது. பிள்ளைகள் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நாற்பது நிமிடத்தில் மூன்று முறைதான் அவர்கள் பக்கம் திரும்பினாள். ஓரத்தில் ஒரு பையன் எதையும் எழுதாமல் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

கீழே வந்ததும், "எப்படிக்கா இருந்துச்சு?" என்றாள்.

"அந்த நாலு வரி ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன். "பாட்டில் மூடியைத் திருகிட்டிருந்தானே, அவன் பேர் என்ன?"

யோசித்தாள். தெரியவில்லை. முகம் கொஞ்சம் வாடியது. வாடவேண்டியதில்லை என்று சொன்னேன். நெட் எழுதுகிறவளுக்கு அது ஒரு குறையே இல்லை. ஆனால் ஒரு நாளை வைத்து முடிவு கட்டவும் எனக்கு மனமில்லை. முதல் வகுப்பில் நானும் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், பயத்தில்.

அடுத்த சனிக்கிழமையும் வரட்டுமா என்று நேற்று போன் செய்தாள். வரச்சொல்லியிருக்கிறேன். இந்தமுறை கையில் சாக்பீஸ் கொடுக்கப் போவதில்லை. பாயில் அந்தப் பையன் பக்கத்தில் உட்காரச் சொல்லப் போகிறேன்.